பொத்தானை அழுத்தும் முன் எழுது

அரசுப் பள்ளிகளைப் பற்றி இப்போது யார் பேசினாலும் முதலில் வருவது சாமான்களின் பட்டியல்தான். 2011-ல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018-ல் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், பிறகு ஸ்மார்ட் போர்டு. இவையெல்லாம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக அறிவியல் எடுக்கிறேன். ஆள் போதாத ஆண்டுகளில் கணக்கும் எடுப்பேன். பத்துக் கணினிகள் இருக்கும் அறையைத் திறந்தால் எங்கள் பிள்ளைகளின் முகம் எப்படி மாறும் என்பதை நேரில் பார்ப்பவள் நான். அந்த அறைக்குள் போன பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆசிரியர் ஒரு வீடியோவைப் போடுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். இதயம் துடிக்கிறது, எரிமலை வெடிக்கிறது, எலக்ட்ரான் சுற்றுகிறது. பார்த்து முடித்ததும் ஐந்து கொள்குறி வினாக்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எழுபது வயது ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிக் கேள்வி கேட்டதற்கும் இதற்கும், பிள்ளையின் மூளைக்குள் நடக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் அவர் படம் போடும்போது பிள்ளையும் கூடவே நோட்டில் போட்டது, கையாவது நகர்ந்தது.

பணியிடைப் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் புளூமின் பிரமிடு தெரியும். கற்றலில் சிந்தனை செய்யும் வேலைகளை ஆறு படிகளாக அடுக்கிக் காட்டும் படம் அது. கல்வியியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடன் இருந்தவர்களும் 1956-ல் வகுத்தது, 2001-ல் திருத்தப்பட்டது: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். கேள்வித்தாளின் ஓரத்தில் எந்தக் கேள்வி எந்தப் படி என்று குறிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்தப் படம் ஏணி மாதிரி வரையப்பட்டிருப்பதால், கீழ்ப்படியை முழுக்க முடித்த பிறகுதான் மேல்படிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் ஊறிவிட்டது. "இவங்களுக்கு இன்னும் வரையறையே வரலை, இதுல எங்க படைப்பாற்றல்?" என்று ஆசிரியர் அறையில் கேட்காத நாள் இல்லை. என் அனுபவம் நேர்மாறானது. வரையறை வராத பிள்ளைதான் பல நேரம் நல்ல கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது வரையறை தானாக வாயில் ஏறிவிடுகிறது.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மின்சுற்று. தொடரிணைப்பு (பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில்), பக்க இணைப்பு (ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில்). இதற்கு ஃபெட் என்ற சிமுலேஷன் தொகுப்பு, அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள், இருக்கிறது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். எங்கள் ஊருக்கு அது பெரிய வசதி. பேட்டரி, வயர், பல்ப், சுவிட்ச் எல்லாவற்றையும் திரையில் இழுத்துவந்து இணைக்கலாம். தப்பாக இணைத்து மின்னோட்டம் எகிறினால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். அந்தத் தீயைப் பார்க்கவே முதல் பத்து நிமிடம் எல்லாக் குழுவும் வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்யும். செய்யட்டும். வீட்டில் கை வைக்க முடியாத தப்பை இங்கே பயமில்லாமல் செய்து பார்க்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் எல்லோரும் திரையை விட்டுத் திரும்பி உட்கார வேண்டும். நோட்டில் ஒரே மாதிரியான இரண்டு பல்பைத் தொடராக இணைத்த படத்தைப் போட்டு, சுவிட்சைப் போட்டால் எந்த பல்ப் அதிக வெளிச்சமாக எரியும், ஏன் என்று எழுத வேண்டும். பேனாவில்தான், அடித்துத் திருத்தக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் பாதிக்கு மேல் எழுதுவது ஒரே விடை: பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அதிகமாக எரியும், ஏனென்றால் முதல் பல்ப் கரண்டைக் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும். எழுதிய பிறகு திரையில் இணைத்து சுவிட்சைப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. கம்பிக்குள் நகரும் நீலப் புள்ளிகள் முதல் பல்புக்கு முன்னாலும் இரண்டாவதற்குப் பின்னாலும் ஒரே வேகத்தில் போகின்றன.

அந்த இடத்தில் அறை அமைதியாகிவிடும். வீடியோவில் இதையே காட்டியிருந்தால் "ஓ, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தன் கையெழுத்தில் எழுதியதைத் திரை பொய்யாக்கும்போது பிள்ளையால் அப்படிக் கடந்து போக முடியாது. ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மிஸ், எந்த பல்பும் கரண்டைத் திங்கலைன்னா, அப்புறம் பேட்டரி ஏன் தீர்ந்துபோகுது?" மின்னூட்டமும் ஆற்றலும் வேறு வேறு என்பதை நான் எந்தப் பீடிகையும் போடாமல் அந்த இடத்தில் ஆரம்பிக்க முடிந்தது. பாடத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோனது அவளுடைய கேள்வி. அவள் நோட்டில் தப்பாக எழுதியிருந்ததுதான் அந்தக் கேள்விக்கு விதை.

அதற்குப் பிறகு வேலை எளிது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் போடும் சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் ஒரு வரிசை மட்டும் அணைகிறது, மற்றவை எரிகின்றன. அப்படியென்றால் உள்ளே எப்படி இணைத்திருப்பார்கள்? இதைச் சொல்லித்தராமல் கொடுத்தேன். பத்துக் குழுவில் எந்த இரண்டும் ஒரே படத்தைப் போடவில்லை. ஒரு குழு ஒவ்வொரு பல்பையும் பக்க இணைப்பில் போட்டு, ஒரு பல்ப் போனாலும் வேறு எதுவும் அணையாமல் செய்துவிட்டு, "எங்களோடது கடைக்காரர் செட்டைவிட நல்லது" என்றது. பிறகு ஏன் கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டில் ஒரு சின்ன பல்பை நேராக இணைத்தால் என்ன ஆகும் என்பதைத் திரையில் தீ வரவைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு வரிசையில் எத்தனை பல்ப் வைத்தால் தாங்கும் என்று தாங்களே வகுத்துப் பார்த்தார்கள். ஓம் விதியைக் கணக்காக நான் போட்டுக்காட்டிய எந்த நாளிலும் அவ்வளவு வகுத்தல் நடந்ததில்லை.

இங்கே ஒரு சின்ன ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மென்பொருளைவிட அது முக்கியம். பத்துக் கணினி, வகுப்பில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள். ஒரு கணினிக்கு நான்கு பேர். விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்: வேகமான பையன் ஒருவன் மௌசைப் பிடித்துக்கொள்வான், ஒருவன் அவனுக்கு யோசனை சொல்வான், இரண்டு பெண்பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்கள் அறையில் ஒரு சட்டம். மௌஸ் பிடித்திருப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது. மற்ற மூன்று பேர் பேசி முடிவெடுத்துச் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். யோசனை வாய்வழியாக வெளியே வந்தால்தான் மௌஸ் நகரும் என்றாகிவிடுகிறது. "அந்த ஒயரை இந்தப் பக்கம்" என்று சொன்னால் போதாது. எந்த ஒயர், ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பேசவே மாட்டாள் என்று எல்லோரும் சொன்ன பிள்ளைகள் அந்த அறையில் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் பொறுத்துக்கொள்கிறார்.

அடுத்து ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் பொதுவில் விட்டது. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்காக, கட்டளைகளை வண்ணக் கட்டைகளாகப் பொருத்தி நிரல் எழுத வைக்கும் இலவச மென்பொருள். அதற்கு வேர் 1967-ல் வந்த லோகோ என்ற நிரல்மொழி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டுக்கு ஒரே பிடிவாதம்தான்: கணினி குழந்தைக்குக் கட்டளையிடக் கூடாது, குழந்தைதான் கணினிக்குக் கட்டளையிட வேண்டும்.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகான காட்சித் தொடர்பில் ஸ்கிராட்ச் இருக்கிறது. அதைச் சேர்த்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தேர்வு என்ற இயந்திரத்துக்குள் போனதும் அது என்ன ஆனது? ஸ்கிராட்ச் திரையின் பகுதிகள் யாவை, ஸ்பிரைட் என்றால் என்ன, மேடை என்றால் என்ன. ஒரு முறைகூட ஸ்கிராட்சைத் திறந்து பார்க்காத பிள்ளை இவற்றுக்கு முழு மதிப்பெண் வாங்கலாம். அதில் ஒரு விளையாட்டையே உருவாக்கிய பிள்ளை மூன்று பகுதிகளின் பெயரை மறந்து மதிப்பெண்ணை விடலாம். எதையும் மனப்பாடமாக மாற்றிவிடும் திறமை நம் தேர்வு முறைக்கு இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

எட்டாம் வகுப்பில் ஸ்கிராட்சைத் தொடங்கும்போது பூனையை நடக்க வைப்பது, பலூனை வெடிக்க வைப்பது எல்லாம் ஓரிரு வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் என்ன செய்வது என்று யோசித்து, எங்கள் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்தேன். வாய்க்கால் தண்ணீர். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. பாமணியாற்று மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். திறந்தாலும் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்கு, தண்ணீர் வந்து சேர்வதற்குள் படும் பாடு இங்கே ஒவ்வொரு வீட்டுப் பேச்சிலும் இருக்கிறது. ஒரு வாய்க்கால், ஐந்து வயல். தண்ணீரை நிரலால் பங்கிட்டுக் காட்டுங்கள் என்றேன்.

முதல் நிரல் எளிமையாக இருந்தது. தண்ணீர் 100. ஒவ்வொரு வயலும் 30 எடுத்துக்கொள்ளும். ஓடவிட்டதும் ஐந்து வயலும் பச்சையாக நிறைந்தன. கைதட்டல். ஐந்து முப்பது நூற்றைம்பது ஆயிற்றே என்று யாரும் கேட்கவில்லை. ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் திரையின் மூலையில் எண்ணைக் கவனித்தான். "மிஸ், மேட்டூர் வத்தவே மாட்டேங்குது." தண்ணீரை 100 என்று வைக்கும் கட்டளையைச் சுழற்சிக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) உள்ளே வைத்துவிட்டார்கள், ஒவ்வொரு வயலுக்கும் முன்னால் அணை மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று நான்கு தலைகள் சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்க அன்றைய வகுப்பு முழுவதும் போனது. ஒரு வகுப்பு வீணாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். தான் செய்தது ஏன் தான் நினைத்தபடி நடக்கவில்லை என்று வரிவரியாகப் பின்னால் போய்ப் பார்ப்பதைத்தான் பகுத்தாய்தல் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதற்கு வேறு எந்தப் பாடவேளையிலும் இடம் கிடைப்பதில்லை.

திருத்திய பிறகு நிரல் சரியாக ஓடியது. முதல் மூன்று வயல் பச்சை, நான்காவதற்குப் பத்து, ஐந்தாவது வெறும் மண். அங்கேதான் உண்மையான பாடம் தொடங்கியது. தலைமடைப் பக்கத்து ஊர்ப் பையன், ஆளுக்கு 20 கொடுத்தால் எல்லோருக்கும் வந்துவிடுமே என்றான். கடைமடை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி உடனே, "ஆளுக்கு இருபதுன்னா அஞ்சு வயலும் காயும். பயிருக்கு முப்பது வேணும்னு நீதான எழுதுன?" என்றாள். சமமாகப் பிரிப்பதும் எல்லோருக்கும் விளைவதும் ஒன்றல்ல என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொந்தமாக வந்து சேர்ந்தார்கள். அப்படியென்றால் முறை வைக்கலாம்: இந்த வாரம் மேலே மூன்று, அடுத்த வாரம் கீழே இரண்டு. அவர்கள் அப்பாக்கள் பேசும் முறைப் பாசனம் நிரலுக்குள் வந்தது. முறை வைத்தால் இன்னொரு கேள்வி வருகிறது. தண்ணீர் இல்லாமல் ஒரு வயல் எத்தனை நாள் தாங்கும்? இது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் உறுதியாகத் தெரியாது. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. களிமண் என்றால் இத்தனை நாள், மணல் கலந்ததென்றால் அத்தனை நாள். நட்ட புதிதில் தாங்காது. பால் பிடிக்கிற நேரத்தில் ஒருநாள்கூடக் காயப் போடக் கூடாது என்று ஒரு தாத்தா திட்டியே அனுப்பியிருந்தார். ஒரு பையன் அவன் அப்பா சொன்னதாகப் புதிதாக ஒன்றைச் சொன்னான்: "வாய்க்கால் தூர்ந்து கெடக்கு. போற வழியிலேயே பாதி போயிடும்." அதனால் ஒவ்வொரு வயலைத் தாண்டும்போதும் தண்ணீரில் கொஞ்சம் கழிக்கும் கட்டளை சேர்ந்தது. அதைச் சேர்த்ததும், முறை வைத்தும்கூடக் கடைசி வயல் பல முறை காய்ந்தது. தூர் வாரினால் என்ன ஆகும் என்று அந்த எண்ணை மட்டும் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். கடைசி வயல் பச்சையானது. அந்தக் கடைமடைப் பெண் அதைத் தன் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். என் செல்போனில் வீடியோ எடுத்து அவள் வீட்டு எண்ணுக்கு அனுப்பினேன்.

இந்த நிரலை ஒரு பொறியாளர் பார்த்தால் ஆயிரம் குறை சொல்வார். சொல்லட்டும். ஒரு பிரச்சினையில் எவை எவை ஒன்றையொன்று பாதிக்கின்றன, எதை எண்ணாக மாற்றலாம், எதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும் என்று பதின்மூன்று வயதில் யோசித்திருக்கிறார்கள். இதைக் கரும்பலகையில் செய்ய முடியாது. ஓர் எண்ணை மாற்றியதும் மொத்தமும் எப்படி மாறுகிறது என்பதைப் பத்து விநாடியில் காட்ட கணினி தேவைப்படுகிறது. கணினிக்கு வகுப்பறையில் இருக்கும் நியாயமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: பிள்ளையின் ஊகத்தை உடனடியாகச் சோதித்துத் தருவது.

கணக்கில், வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. ஏதோ ஒரு நாற்கரத்தை வரைந்து, பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து, மூலையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். எப்படிக் கோணலாக இழுத்தாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே இருக்கும். "எப்பவுமேவா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அப்போது திரையை அணைத்துவிட்டு மூலைவிட்டத்தைப் போட்டு நிரூபணத்துக்குப் போகலாம். திரை ஆயிரம் உதாரணம் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். நம் கணக்குப் புத்தகங்களில் ஜியோஜீப்ரா பக்கங்கள் இருக்கின்றன; பெரும்பாலான வகுப்புகளில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சாமான் மட்டும் போதாது என்பதற்கு உலகத்தில் ஆதாரம் நிறைய. பெரு நாட்டில் ஏழைக் கிராமப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு ஏற்றம் இருந்தது. பள்ளிகளில் கணினிக்கு அதிகம் செலவழித்த நாடுகள், பல நாட்டு 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா தேர்வில் அதனால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்று அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பு 2015-ல் சொன்னது. இதைக் காட்டி, கணினியே வேண்டாம் என்று முடிவுகட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. கொடுத்துவிட்டுப் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன.

இதே கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. டெல்லியில் 1999-ல் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்கச் சுவரில் கணினி பதித்த கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா, பிறகு தமிழ் பேசும் கடலோரக் கிராமமான காளிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு மூலக்கூறு உயிரியலை ஆங்கிலத்தில், கணினியில் போட்டுவிட்டு, ஆசிரியர் இல்லாமல் விட்டார். அந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. பிள்ளைகள் தாங்களாகவே ஓரளவு கற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் உலகம் பெரிதாகப் பேசுகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. உயிரியல் தெரியாத ஓர் இளம்பெண், பின்னால் நின்று "அட, இது எப்படி? எனக்கும் காட்டு" என்கிற மாதிரி ஆர்வம் காட்டி ஊக்கப்படுத்தத் தொடங்கிய பிறகு அவர்கள் மதிப்பெண் இன்னும் நன்றாக ஏறியது. ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள்.

ஹைடெக் லேப் இல்லாத பள்ளியில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரே ஒரு செல்போன் போதும். எங்கள் தமிழாசிரியையும் நானும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில் ஒலிப்பதிவு வேலை ஒன்று கொடுத்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பிள்ளைகள் சின்னவர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டுப் பதிந்துவந்து, குழுவுக்கு நான்கு நிமிடமாக வெட்டித் தர வேண்டும். பதிவு முக்கால் மணி நேரம் வரை நீண்டிருந்தது. நான்கு நிமிடம்தான் என்றதும் எதை விடுவது என்பதில் வந்தது சண்டை. எல்லோரும் தென்னை சாய்ந்ததைத்தான் சொல்கிறார்கள், அதை ஒருவர் குரலில் வைத்தால் போதும்; கரண்ட் இல்லாத நாட்களில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு பாட்டி மட்டும்தான் சொல்கிறார், அதைத் தொடக் கூடாது என்று ஒரு குழு வாதாடி முடிவெடுத்தது. மதிப்பிடுதல் என்ற படிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு குழுவின் பதிவில் பாட்டி நடுவில் அழுதுவிட்டார். அதை வைக்கலாமா? வைத்தால் கேட்பவர்கள் மனதில் தைக்கும் என்றான் ஒருவன். அவங்ககிட்ட கேக்காம எப்படி என்றாள் பேத்தி. போய்க் கேட்டிருக்கிறார்கள். "வேணாம்ப்பா. எத்தனை மரம் போச்சுன்னு மட்டும் போடு" என்றாராம். அதை மட்டும் வைத்தார்கள். வெட்டி ஒட்டும் செயலியைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு அரைமணி நேரம்தான் ஆனது. மீதி நேரமெல்லாம் இந்த முடிவுகளுக்குப் போனது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிவரும் பிள்ளைகள் எங்கள் கிராமத்திலும் வந்துவிட்டார்கள். தடை போட்டுப் பயனில்லை. நான் அதை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தேன். பாமணியாறு எங்கிருந்து பிரிகிறது என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். தங்குதடையில்லாத நல்ல தமிழில், கல்லணையில் காவிரியிலிருந்து நேராகப் பிரிவதாகப் பதில் வந்தது. வகுப்பே சிரித்தது, மூணாறு தலைப்பில் குளித்தவர்கள் அவர்கள். பிறகு கேட்டேன்: நம் ஆற்றைப் பற்றித் தப்பாகச் சொன்னது நமக்குத் தெரிந்துவிட்டது, அமேசான் ஆற்றைப் பற்றித் தப்பாகச் சொன்னால் எப்படித் தெரியும்? யாரும் சிரிக்கவில்லை. இப்போது ஏஐ விடையைக் கொண்டுவர அனுமதி உண்டு. அதில் எந்த மூன்று வாக்கியங்களைச் சரிபார்த்தாய், எதை வைத்துச் சரிபார்த்தாய் என்பதைக் கூடவே எழுத வேண்டும். அந்தப் பகுதிக்குத்தான் மதிப்பெண். பாடப்புத்தகம், அட்லஸ், நூலகக் கலைக்களஞ்சியம், ஊர்ப் பெரியவர் எல்லோரும் சான்றாக வருகிறார்கள். எந்தச் சான்று எதற்கு ஏற்றது என்ற பேச்சும் கூடவே வருகிறது.

தடைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கரண்ட் போகும். யூபிஎஸ் பேட்டரி இறந்து கிடக்கும். ஆய்வகத்தின் பெரும்பங்கு நேரத்தை இணையவழித் தேர்வுகளும் பதிவேற்ற வேலைகளும் எடுத்துக்கொள்ளும். இவற்றோடு எப்படியோ சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நேரமும் தேர்வும்தான். மேட்டூர் வற்றாத அந்த ஒரு வகுப்பு எந்தப் பாடத்திட்ட அட்டவணையிலும் இல்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் எனக்கே அந்தத் துணிச்சல் குறைந்துவிடுகிறது. பொதுத்தேர்வு கேட்பதற்குப் பிள்ளையைத் தயார்செய்யாமல் விடுவது அவளுக்குச் செய்யும் துரோகம். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்கிராட்சிலிருந்து ஐந்தாறு கட்டைகளைப் படமாகப் போட்டு, இந்த நிரலில் தண்ணீர் ஏன் குறையவில்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள். மின்சுற்றில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்து, எந்த பல்ப் எரியாது, ஏன் என்று கேளுங்கள். அப்படி ஒரு கேள்வி ஒரு முறை வந்துவிட்டால் போதும், மறு ஆண்டு தமிழ்நாடு முழுக்க ஆய்வகக் கதவுகள் அதற்காகத் திறக்கும். நம் ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

கடைமடை நிரலை எழுதியவர்கள் இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அதை இந்த ஆண்டு எட்டாம் வகுப்பிடம், இதில் என்ன குறை என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாளே புகார் வந்துவிட்டது: இதில் மழையே பெய்யவில்லை. உண்மைதான், வடகிழக்குப் பருவமழை இல்லாமல் டெல்டாவில் சம்பா ஏது? எந்த மாதம் எவ்வளவு மழை என்று எங்கிருந்து எடுப்பது, வெள்ளம் வந்து மூழ்கினால் வயலுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூழ்கிய வயலுக்குப் பச்சை கூடாது என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.